கிளர்ச்சி முடிந்த வருடம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் யாரும் குறை பிடிக்க வேண்டாம். ஒஸ்லோவில் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறேன். பதினெட்டு வருடமாக அதுதான் தொழில். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் ஆலையில் நின்றேன். இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாத ஊர் அது. சங்கு ஊதினால் காலை, மறுபடி ஊதினால் மாலை. ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை மீன் வெட்டினாய் என்று பார்த்துத்தான் மேற்பார்வையாளர் முகம் கொடுத்துக் கதைப்பார். அங்கே கையில் ஏறிய அவசரம் இன்னும் இறங்கவில்லை. சாப்பிடும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பேன். "இஞ்சேருங்கோ, சோறு எழும்பி ஓடாது" என்பாள் மனைவி. அவளுக்கென்ன, முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே எல்லாரும் ஆறுதலாக, மெல்லத்தான் நடப்பார்கள்.

அப்படிப்பட்ட என் கண்ணில் ஓடாத மனிதர் ஒருவர் வந்து விழுந்தார். ட்வெய்ட்டா நிறுத்தத்தில், காலை வேளையில். கதவு மூடப்போகிறது என்றால் இந்த ஊரில் எண்பது வயதுக்காரியும் ஊன்றுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். இவர் ஓடவில்லை. கண்ணாடியில் பார்க்கிறேன்: நெடுத்த மனிதர், தலையையும் கழுத்தையும் சுற்றி நீலத் துணி, கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்து வருகிறார். கதவை மூடிவிட்டேன். மறுநாளும் அதே நடை. மூன்றாம் நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஓடன் மனிசா!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன், கத்திக்கொண்டே மூடினேன். அவர் கையைத் தூக்கி எனக்கு வணக்கம் காட்டினார்.

அந்தக் கிழமையே எங்கள் மாடிக்கட்டடத்து லிப்டில் இருவரும் முட்டிக்கொண்டோம். அவர் ஐந்தாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி.

"நீங்கள்தானே கதவை மூடுறவர்?" என்றார். கோபமே இல்லை.

"நீங்கள்தானே ஓடாதவர்?" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. நாங்கள் கதைத்தது நொஸ்க்கில்தான், அதாவது நோர்வே மொழியில், இரண்டு பேருடையதும் ஓட்டை நொஸ்க். அவர் சொன்னதை இங்கே என் வாய்த்தமிழில் தருகிறேன், எனக்கு வேறு தமிழ் வராது.

அவர் துவாரெக். சகாரா பாலைவனத்தில் ஐந்து நாடுகளுக்குக் குறுக்கே சிதறிக் கிடக்கிற சனம். அவருடைய இடம் மாலி நாட்டின் வடக்கு. அந்த வடக்கு, தெற்கிலிருக்கும் தலைநகரத்தோடு அறுபது வருடமாக இழுபறி. விட்டு விட்டுச் சண்டை, விட்டு விட்டுச் சமாதானம். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வடக்கு, தலைநகரம், ஒப்பந்தம், மறுபடி சண்டை என்றால் யாழ்ப்பாணத்தானுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லையே. அவர் இங்கே கடைத்தொகுதியில் தரை கழுவுகிற வேலை பார்த்தார். மனைவி முகாமில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். ஒரே மகன், எல்லைக்கு அப்பால் அகதி முகாமில், மாமியோடு இருந்தான். அவருக்கு இந்த நகரத்தில் இருந்த ஒரே நோக்கம் அந்தப் பிள்ளையை இங்கே எடுப்பது. முகாமுக்கு வெளியே சில நாட்களில் வாகனங்கள் வந்து நிற்குமாம். ஏறுகிற பெடியள் சண்டைக்குப் போவார்களாம். அவன் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இஞ்சேருங்கோ, தண்ணி தாங்கோ" என்றார் என்னிடம். என் மனைவிக்குப் புரையேறியது. புருஷனைக் கூப்பிட எங்கள் பெண்கள் சொல்கிற சொல் அது; அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் மாற்றவில்லை. நல்ல பெயர் என்றார். அன்றிலிருந்து என்னை அப்படி அழைக்க இரண்டு பேர்.

அவருடைய வருடங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான். மாடுகள் செத்த வருடம். வெட்டுக்கிளி வந்த வருடம். கிணறு இடிந்த வருடம். உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டால், வெட்டுக்கிளி வந்த வருடம் எனக்குப் பல் விழுந்தது என்பார். கடவுளே, இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிப் பல்வைத்தியரிடம் நேரம் எடுப்பான்? அவர் தேத்தண்ணி போட்டால் ஒரு மணித்தியாலம். நான் கதிரை நுனியில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அவர் உயரத்திலிருந்து சிறிய கிளாசில் ஊற்றுவார், மறுபடி கேத்தலுக்குள் திருப்பி ஊற்றுவார். "ஐயா, குடிச்சிட்டுப் போறதுக்குத்தானே?" என்று கேட்டேன் ஒருமுறை. சிரித்துக்கொண்டு மறுபடி ஊற்றினார்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு தம்பி. கடைசி யுத்தத்தின் கடைசி மாதங்களுக்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. நாங்கள் அவனுக்குத் திவசம் செய்வதில்லை. ஊரில் இருக்கும் தங்கச்சியிடம் காணாமல் போனவருக்கான படிவம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், காணாமல் போன திகதியை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லி. அவள் எழுதவில்லை. அலமாரியில் கிடக்கிறது.

ஒருநாள் ஓய்வறையில், கூட வேலை செய்கிற நோர்வேக்காரர் ஒருவர் விடுமுறைக்கு இலங்கைக்குப் போய் வந்து கடற்கரைப் படங்கள் காட்டினார். நல்ல மனிதர்தான். "உங்களுடைய யுத்தம்தான் எப்போதோ முடிந்துவிட்டதே, நீ ஏன் திரும்பிப் போகவில்லை?" என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கோப்பிக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன். அரைவாசி அவருடைய சட்டையில். "ஆர் சொன்னது முடிஞ்சுதெண்டு?" என்று தமிழில் கத்திவிட்டு, பிறகு நொஸ்க்கிலும் கத்தினேன். முடிஞ்சதாம்! யாருக்கு முடிந்தது? பிறகு மன்னிப்புக் கேட்டேன், சட்டையைக் கழுவித் தருகிறேன் என்றேன். ஆனால் அந்தக் கேள்வி நாள் கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது. வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மனைவியின் காதை அறுத்தேன்.

அதே மாதத்தில்தான் நூலகத்தில் சகாராவைப் பற்றி ஒரு சொற்பொழிவு என்று அறிவித்தல் பார்த்து ஐந்தாம் மாடிக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் திரையில் நீளமான கோடு ஒன்றைக் காட்டினார். அதில் நாலு சிவப்புக் கட்டைகள். முதலாம் கிளர்ச்சி, இரண்டாம் கிளர்ச்சி, மூன்றாம், நான்காம். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, நடுவில் வெள்ளை இடம். கேள்வி நேரத்தில் இவர் எழுந்தார், துணியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்:

"அந்த வெள்ளை இடத்திலை நாங்கள் எங்கை இருந்தனாங்கள்?"

ஆராய்ச்சியாளர் சிவந்துபோனார். நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்றார். நான் மட்டும் கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு வெளிநாட்டுச் சாமான் கடைகள் இருக்கிற குறொன்லாண்டுப் பகுதிக்கு நடந்தோம், அவருக்குப் பச்சைத் தேயிலை, எனக்கு முருங்கைக்காய். வழியெல்லாம் அவர் கதைத்தார், வழக்கமாக அவ்வளவு கதைக்கமாட்டார்.

"எங்கட அப்பாவுக்குக் கிளர்ச்சி எண்டால் ஒண்டுதான். வெள்ளைக்காரன்ர காலத்திலை தொடங்கினது. இடையிலை ஒட்டகத்துக்குத் தண்ணி காட்ட இறங்கினது, அவ்வளவுதான். தலைநகரத்திலை இருக்கிறவை கையெழுத்து வைச்ச உடனை முடிஞ்சுதெண்டு எழுதுவினம். இத்தினை நாளுக்குள்ளை துவக்கைக் குடு, இத்தினை நாளுக்குள்ளை மலையை விட்டு இறங்கு. சரி, இறங்குவம். இறங்கி, அவை தாறம் எண்டு சொன்னது வருதோ எண்டு பாத்துக்கொண்டிருப்பம். பள்ளிக்கூடம், றோட்டு, கிணறு. அவையின்ர நாள் முடிஞ்சிடும். எங்களுக்கு இன்னும் ஒண்டும் தொடங்கியிராது. பத்து வருசம் பொறுப்பம். பிறகு ஏறுவம். பேப்பரிலை போடுவினம், திடீரெண்டு கிளர்ச்சி வெடிச்சதாம். திடீரெண்டோ!"

"அப்ப உங்கட மகன்?" என்றேன். "அவனும் பத்து வருசம் பொறுப்பானோ?"

நடையை நிறுத்தினார். "அதுதான் என்ர பயம். அவனுக்கு என்ர அப்பான்ர கணக்கும் தெரியாது, தலைநகரத்தின்ர கணக்கும் தெரியாது. முகாமிலை மாசத்திலை ஒரு நாள் அரிசி குடுக்கிற நாள். மிச்சம் இருபத்தொன்பதும் ஒரே நாள்தான். போனிலை மட்டும் உலகம் ஓடுது, அவன்ரை ஒண்டும் ஓடேல்லை. அப்பிடிப் பெடியள் வாகனம் எங்கை போகுதெண்டு கேக்கமாட்டாங்கள். ஓடுதே, அது காணும்."

எங்கள் சமாதானப் பேச்சுக்கும் இதே நகரத்திலிருந்துதான் ஆட்கள் கால அட்டவணையோடு போனார்கள். நாங்களும் இங்கே கொடி பிடித்துக்கொண்டு திகதிகளை எண்ணினோம். "உடனை விண்ணப்பம் போடுவம். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, நான் நிரப்பித் தாறன்" என்றேன். அவருக்கு எழுத்து வேலை ஓடாது. எனக்கு அதில் நல்ல கை என்று எங்கள் சனம் எல்லாம் சொல்லும். எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருப்பேன்! இலட்சுமிகரமான கை என்றுகூட ஒரு அக்கா சொன்னா.

ஞாயிறு மத்தியானம். எனக்கு இரண்டரைக்கு ரயில். குசினி மேசையில் கணினியை வைத்து, அவரைப் பக்கத்தில் இருத்தி, தட்டத் தொடங்கினேன். பெயர், உறவு, முகாம் எல்லாம் ஓடியது. மகனின் பிறந்த திகதி என்ற இடத்தில் வந்து நின்றது. அவர் முதலில் அகதியாக வந்து கொடுத்த வாக்குமூலத்தில் அந்த இடத்தில் 'தெளிவில்லை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"எப்ப பிறந்தவன்?"

"கிளர்ச்சி முடிஞ்ச வருசம். குளிர் இறங்கின பிறகு."

மணி ஒன்றே முக்கால். போனை எடுத்தேன். மாலி, வடக்கு, கிளர்ச்சி, முடிவு என்று தட்டினேன். முதல் வரியிலேயே வந்து விழுந்தது: சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான மாதமும் வருடமும். அந்த வருடக் கோடை. அதற்கு அடுத்த குளிர் என்றால் அடுத்த ஜனவரி. முதலாம் திகதி என்று போட்டேன். இந்த நாட்டில் அகதிகள் பாதிப்பேர் ஜனவரி முதலாம் திகதிதான் பிறந்தவர்கள், அதில் ஒருவர் கூடட்டுமே. கணக்குப் பார்த்தேன். பிள்ளைக்குப் பதினெட்டு ஆக இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை! பதினெட்டுக்கு மேல் என்றால் தகப்பன் எடுக்க முடியாது.

"ஐயோ, அருந்தப்பு! நல்ல காலம் இண்டைக்கு வந்தனீங்கள்" என்று துள்ளினேன்.

"எப்பிடி வருசத்தைக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"போனிலை இருக்கு."

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போனிலை இருந்தால் சரியாத்தான் இருக்கும்" என்றார். அனுப்பு என்பதை அமத்திவிட்டு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். போனில் அந்த முதல் வரிக்குக் கீழே இன்னும் நாலைந்து வரி இருந்தது. நான் வாசிக்கவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பிள்ளை தூதரகம் இருக்கிற நகரத்துக்கு நேரே போய் முகத்தைக் காட்ட வேண்டும், அந்த நாள்தான் விண்ணப்பித்த நாளாக எடுபடும். முகாமிலிருந்து அந்த நகரம் வேறு நாட்டில், இரண்டு எல்லை தாண்டி. நான் ஒவ்வொரு நாளும் ஐந்தாம் மாடிக் கதவைத் தட்டினேன். வெளிக்கிட்டானா? இல்லை. இன்றைக்கு? வாகனத்தில் இடம் கிடைக்கவில்லை. இன்றைக்கு? மழையில்லை, புழுதி, பாதை மூடி இருக்கிறது. அவர் சொல்லும் விதம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது. "வாகனம் வரேக்கை போவான்."

"விசரே உங்களுக்கு? நாள் போகுது!" என்று வாசலில் நின்று குதித்தேன். நத்தார் போனது. ஜனவரி முதலாம் திகதி வாண வேடிக்கை போட்டார்கள், எனக்கு ஒவ்வொரு வெடியும் தலையில் விழுந்தது. பிள்ளை தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஜனவரி கடைசியில். மே மாதம் கடிதம் வந்தது. விண்ணப்பித்த நாளில் வயது பதினெட்டுக்கு மேல். நிராகரிக்கப்படுகிறது.

நான் அன்றைக்கு அவரிடம் கதைத்த கதையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "உங்கட ஆறுதலாலைதான் எல்லாம் போச்சு! ரயிலுக்கு ஓடமாட்டியள், பிள்ளைக்கும் ஓடமாட்டியள்! இருபத்தைஞ்சு நாள், வெறும் இருபத்தைஞ்சு நாள் பிந்தினதாலை!" என்று அவருடைய வீட்டுக்குள் நின்று கத்தினேன். அவர் கடிதத்தில் இருந்த இலக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டோ?" என்றார். "இஞ்சேருங்கோ, அவன் இன்னும் முகத்துணி கட்டேல்லை."

துவாரெக் ஆண்கள் வளர்ந்த பிறகுதான் அந்த நீலத் துணியைத் தலையிலும் முகத்திலும் சுற்றுவார்கள். குடும்பத்தார் கூடி முதல்முறை கட்டிவிடுகிற நாள்தான் ஒருவன் ஆம்பிளையாகிற நாள். அவர் போனில் படம் காட்டினார். மெலிந்த பிள்ளை, மொட்டைத் தலை, குரல்வளைகூடத் தள்ளவில்லை.

"கிளர்ச்சி முடிஞ்ச வருசமெண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம். என்ர அண்ணை மலையிலையிருந்து இறங்கி வீட்டை வந்த வருசம்."

கதிரையில் இருந்துவிட்டேன். பிறகுதான் மெல்ல மெல்லக் கேட்டேன், ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை. தலைநகரம் கையெழுத்து வைத்தபோது அவருடைய அண்ணன் இருந்த கூட்டம் இறங்கவில்லை. சொன்னது ஒன்றும் வரவில்லையே, ஏன் இறங்க வேண்டும் என்று மலையிலேயே இருந்தார்கள். அரசாங்கம் அவர்களைக் கிளர்ச்சிக்காரர் என்றும் எண்ணவில்லை, கொள்ளைக்காரர் என்றது. கிளர்ச்சிதான் முடிந்துவிட்டதே! அண்ணன் வீட்டுக்கு வந்தது மூன்று வருடம் கழித்து. அந்தக் குளிரில்தான் பிள்ளை பிறந்தான். பதினைந்து வயது. நான் போனில் வாசிக்காமல் விட்ட வரிகளில் அந்த மூன்று வருடமும் இருந்தது.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"உங்கட தம்பியின்ர யுத்தம் முடிஞ்சுதெண்டு ஒருத்தன் சொன்னதுக்குக் கோப்பியாலை குளிப்பாட்டினனீங்கள். அந்த மனிசனிட்டை, ஆருக்கு முடிஞ்சதெண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

நான் கணினியைத் திறந்தேன்.

மேன்முறையீடு எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன், தேத்தண்ணி மூன்று தரம் ஊற்றி முடியும் வரை இருந்தேன். தவறு என்னுடையது, தகப்பனுடையதல்ல என்று எழுதி என் கையெழுத்தும் வைத்தேன். முகாமுக்கு முதன்முதல் வந்த நாளில் பதிவுக்கு எடுத்த படத்தை மாமி அனுப்பினா. தாயின் இடுப்பில் இருக்கிற பிள்ளை, மூன்று வயதுக்கு மேல் யாரும் சொல்லமாட்டார்கள். என் கணக்குப்படி அன்றைக்கு அவனுக்கு ஆறு வயது இருந்திருக்க வேண்டும். அந்தப் படத்தை இணைத்து அனுப்பினேன். அனுப்பிய நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ட்வெய்ட்டாவில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் நிற்கிறாரா என்று பார்ப்பேன். நின்றால், என்ன செய்தி என்று சைகையில் கேட்பேன். அவர் கையை விரிப்பார்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவரே ஒன்பதாம் மாடிக்கு ஏறி வந்தார். லிப்டில் அல்ல, படியில். மூச்சு வாங்கியது. அவர் ஓடி நான் கண்டது அந்த ஒருமுறைதான். போனை மேசையில் வைத்தார். மகனின் குரல், ஒரு நிமிடம்கூட இல்லை. பின்னால் எஞ்சின் சத்தம். அவர் வரிவரியாக நிறுத்தி நொஸ்க்கில் சொன்னார்.

"அப்பா, அந்தக் கடிதத்திலை நான் வளந்த ஆம்பிளை எண்டு நோர்வே அரசாங்கமே எழுதியிருக்கெண்டு நீங்கள்தானே போனிலை வாசிச்சுக் காட்டினனீங்கள். ஆம்பிளை அரிசி வரிசையிலை நிக்கிறதில்லை. மாமியைக் கொண்டு முகத்துணி கட்டுவிச்சிட்டு வாகனத்திலை ஏறிட்டன். நீங்கள் பொறுங்கோ, உங்களுக்கு அது பழக்கம்."

கூடவே ஒரு படம். கண்கள் மட்டும் தெரிந்தன, மிச்சமெல்லாம் நீலத் துணி. வாகனத்தின் பின்தட்டில் இன்னும் நாலைந்து பெடியள்.

"பேசுங்கோ என்னை," என்றேன். "அடியுங்கோ. ஏதாவது சொல்லுங்கோ!"

என் மனைவி சுவரோடு நின்று அழுதாள். அவர் என் தோளில் கையை வைத்தார், வைத்தபடியே நின்றார். என்னால் அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் ஏதோ ஒருவிதமாகத் தாங்கியிருப்பேன்.

செப்டெம்பரில் அனுமதி வந்தது. படத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயது, வரலாம், இன்ன திகதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்தேன். அவர் அதை நாலாக மடித்துத் தேயிலைத் தகரத்துக்குள் வைத்தார். மகன் எங்கே என்று மாமிக்கும் தெரியவில்லை. இடைக்கிடை யாரோ ஒருவருடைய போனிலிருந்து ஒரு செய்தி வரும், சுகம் என்று மட்டும். பிறகு மாதக்கணக்கில் வராது. செய்திகளில் அந்த வடக்கைப் பற்றி ஏதும் வந்தால் நான் சத்தத்தைக் கூட்டுவேன், மனைவி குறைப்பாள். புதிய கிளர்ச்சி என்றார்கள் தொலைக்காட்சியில். ஐந்தாவது என்று யாரோ எண்ணினார்கள். நான் திரையைப் பார்த்துக் கத்தினேன்.

கடிதத்தில் இருந்த திகதி நெருங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிறு கணினியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு நானே போனேன். திகதியை நீட்டிக் கேட்கலாம், அதற்கும் படிவம் இருக்கிறது. அவர் கேத்தலை அடுப்பில் வைத்தார். நான் பெயரைத் தட்டினேன், இலக்கத்தைத் தட்டினேன். பிறகு பிள்ளை எந்தத் திகதியில் வருவான் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டது. நாள், மாதம், வருடம், மூன்று கட்டங்கள்.

"எப்ப வருவானெண்டு போடுறது?"

அவர் உயரத்திலிருந்து ஊற்றினார், திருப்பி ஊற்றினார். "கிளர்ச்சி முடியிற வருசம் எண்டு போடுங்கோ."

இந்த முறை கேட்டேன். "அது எப்ப முடியும்? முடிஞ்சுதெண்டு எப்பிடித் தெரியும்?"

"அவன் வீட்டை வந்தால் முடிஞ்சுது," என்றார்.

மூன்று கட்டங்களையும் நிரப்பாமல் அந்தப் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. எனக்கு இரண்டரைக்கு ரயில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முதல் பக்கத்திலேயே இருந்தோம்.